துப்பாக்கி சுடும் பயிற்சிக்குச் சேருமுன் விபத்துக் காப்பீடு: எல்லையோரத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தம்பி ஏர் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) பழகுகிறவன். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பயிற்சி கேரளத்தில், பாலிசி எடுத்தது கோயம்புத்தூர்க் கிளையில், அடிபட்டபோது கொண்டு ஓடியதும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குத்தான். ஸ்பிரிங் வகைத் துப்பாக்கியில் லீவரை இழுத்துக் குண்டு வைக்கும் நேரத்தில் பிடி நழுவி, உள்ளே இருக்கும் இரும்புப் பாகம் படாரென்று மூடிக்கொண்டது. வலது ஆள்காட்டி விரலின் நுனிக் கணு போய்விட்டது. காயம் ஆறிவிட்டது, திரும்பவும் சுடுகிறான். ஆனால் காப்பீட்டுப் பணம் கைக்கு வருவதற்குள் வீட்டில் எல்லோரும் அலைந்துவிட்டோம். முதலில் ‘இது அபாய விளையாட்டு, பணம் கிடையாது’ என்றார்கள். அப்புறம் எஃப்ஐஆர் கேட்டார்கள். அப்புறம் மலையாளக் காகிதத்தைப் படிக்க முடியவில்லை என்றார்கள்.

ஒவ்வொன்றுக்கும் வழி இருந்தது, கடைசியில் பணமும் வந்தது. அந்த வழிகளை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர், வாளையார்ப் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுவது இது. தேவிகுளம், பீர்மேடு, பாறசாலை, ஆந்திரப் பக்கம் நகரி, புத்தூர் என்று எல்லையோரத்தில் இருக்கும் மற்றத் தமிழர்களுக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

1. கிளப்பிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்

சேர்க்கைக் கட்டணம் கட்டும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். ‘கவர் எல்லாம் இருக்கு’ என்று யாராவது சொல்வார்கள். அதோடு திரும்பி வராதீர்கள்.

முதல் கேள்வி: உறுப்பினர்களுக்குக் குழு விபத்துப் பாலிசி இருக்கிறதா? இருந்தால், உங்கள் பெயர் அதில் சேர்ந்துவிட்டதற்கான காப்பீட்டுச் சான்றிதழின் நகல் வேண்டும். குழுப் பாலிசியில் அசல் ஆவணம் கிளப்பின் பெயரில் இருக்கும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. உறுப்பினர் அட்டை வேறு, இந்தச் சான்றிதழ் வேறு. வருட நடுவில் சேருகிறவர்களின் பெயரைக் கிளப் நிறுவனத்துக்கு அனுப்பிச் சேர்க்க வேண்டும். அது நடக்காமல் கிடந்தால், பாலிசி இருந்தும் உங்களுக்கு இல்லை.

இரண்டாவது: பாலிசி எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்கு? சில பாலிசிகள் அந்த ரேஞ்சுக்குள் (சுடும் களத்துக்குள்) நடக்கும் பயிற்சிக்கு மட்டும்தான். திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு ரேஞ்சுக்கோ வேறு மாநிலத்துக்கோ போட்டிக்குப் போனால் செல்லுமா, போகும் வழியில் நடக்கும் விபத்துக்குச் செல்லுமா என்று கேளுங்கள். ஒரு நாள் சுட்டுப் பார்க்க வரும் விருந்தினருக்கு உண்டா என்பதையும் கேளுங்கள். தங்கையை, மாமா பையனை ‘சும்மா வா, ஒரு தடவை சுட்டுப் பார்’ என்று கூட்டிப் போகும் வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

மூன்றாவது: கிளப் வைத்திருப்பது விபத்துப் பாலிசியா, பொறுப்புக் காப்பீடா? இந்த வேறுபாட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விபத்துப் பாலிசி அடிபட்டவருக்கே பணம் தரும். யார் மேல் தவறு என்று பார்க்காது. பொறுப்புக் காப்பீடு என்பது கிளப்பின் தவறால் வெளியாள் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்து, அவர் நஷ்டஈடு கேட்டால் கிளப்பைக் காப்பது. பயிற்சியில் பங்கேற்பவர்களையே விலக்கிவைக்கும் பொறுப்புப் பாலிசிகளும் உண்டு. ஆகவே சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் பாலிசியைப் பார்த்துத் திருப்தி அடையாமல், அது எந்த வகை என்று படித்துப் பாருங்கள்.

சேரும்போது ‘எது நடந்தாலும் நானே பொறுப்பு’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அது உங்களுக்கும் கிளப்புக்கும் இடையில் உள்ள விஷயம். நீங்கள் தனியாக எடுத்த விபத்துப் பாலிசியை அது ஒன்றும் செய்யாது. கையெழுத்துப் போட்ட தாளைப் போட்டோ எடுத்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. வங்கியில் 20 ரூபாய் பாலிசியை உடனே போடுங்கள்

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கோ தபால் நிலையக் கணக்கோ உள்ள யாரும் சேரலாம். வருடத்துக்கு ரூ.20, கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள். விபத்தில் இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் ரூ.2 லட்சம். ஒரு கண்ணின் பார்வையோ, ஒரு கையோ ஒரு காலோ நிரந்தரமாகப் போனால் ரூ.1 லட்சம். பாலிசி வருடம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் புதுப்பிக்காமல் போய்விடும். பல வங்கிகளில் கணக்கு இருந்தாலும் ஒன்றில் மட்டுமே போட வேண்டும்.

துப்பாக்கி சுடுபவருக்குக் கண்தான் முதல் கவலை என்பதால் இந்த 20 ரூபாயை விடவே கூடாது. ஆனால் இதை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. விரலுக்கு இதில் ஒன்றும் கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவும் கிடையாது. தம்பிக்கு இதிலிருந்து எதுவும் கிடைக்காததற்கு அதுதான் காரணம்.

3. தனிநபர் விபத்துப் பாலிசி: அவசரப்படாமல் எடுக்க வேண்டியது இது

2021 ஏப்ரலில் ‘சரல் சுரக்ஷா பீமா’ என்ற பொதுவடிவ விபத்துப் பாலிசி அறிமுகமானது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றாகவே இருக்கும் என்பதால் புதியவர்களுக்கு இதையே முதலில் பார்க்கச் சொல்வேன். காப்பீட்டுத் தொகை ரூ.2.5 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை. இறப்பு, முழு நிரந்தர ஊனம், பகுதி நிரந்தர ஊனம் மூன்றும் அடிப்படையிலேயே உண்டு. இன்னும் மூன்றை விருப்பத்துக்குச் சேர்க்கலாம்: வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு வாரப் பணம், விபத்தால் வரும் ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை.

தொகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 லட்சம் பாலிசி என்றால் வாரப் பணம் 0.2 சதவீதம், அதாவது வாரத்துக்கு ரூ.1,000, அதிகபட்சம் 100 வாரம். ஆஸ்பத்திரிச் செலவு 10 சதவீதம், அதாவது ரூ.50,000 வரை. கூலி வேலை, கடை வேலை, டிரைவர் வேலை செய்துகொண்டே பழகுகிறவர்கள் வாரப் பணத்தைக் கட்டாயம் சேருங்கள். வருமானம் இல்லாத மாணவர்களுக்கு அது பெரும்பாலும் பயன்படாது. அவர்கள் ஆஸ்பத்திரிச் செலவைச் சேர்ப்பதே மேல். அலுவலக வேலைக்காரருக்கு 5 லட்சம் அளவுக்கு அடிப்படை பிரீமியம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான் வரும். விருப்பக் கவர்களைச் சேர்க்கும்போது கூடும். தொழிலைப் பொறுத்தும் மாறும்.

இனிப் பொறிகள்.

விரலின் விலை. பகுதி ஊனத்துக்குப் பாலிசியில் ஓர் அட்டவணை இருக்கும். வழக்கமான அட்டவணையில் ஒரு கண் 50 சதவீதம், ஒரு கை 50 சதவீதம். கட்டைவிரல் முழுதும் போனால் 25, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 10, அதில் ஒரு கணு மட்டும் என்றால் 4. துப்பாக்கி சுடுபவருக்கு விசை இழுக்கும் விரல்தான் உயிர். அட்டவணைக்கு அது தெரியாது. 5 லட்சத்தில் 4 சதவீதம் என்றால் ரூ.20,000. தம்பிக்கு விரலுக்காக வந்தது அந்தக் கணக்கில்தான். போட்டி அளவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் 10 அல்லது 15 லட்சத்துக்கு எடுங்கள். பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் வராது, விரலுக்கு வரும் தொகையில் வரும்.

‘அபாய விளையாட்டு’ என்ற விலக்கு. மருத்துவப் பாலிசிகளிலும் விபத்துப் பாலிசிகளிலும் வழக்கமாக வரும் ஒரு பத்தி இது. தொழில்முறையாக அபாய அல்லது சாகச விளையாட்டில் ஈடுபடும்போது நேரும் விபத்துக்குப் பணம் இல்லை என்று அது சொல்லும். பாறை ஏறுதல், மலையேற்றம், கார் பந்தயம், குதிரைப் பந்தயம், ஸ்கூபா டைவிங், ஸ்கை டைவிங் என்று ஒரு பட்டியலும் கூட வரும். துப்பாக்கி சுடுதல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ‘இவை மட்டுமல்லாமல்’ என்ற சொல் பட்டியலுக்கு முன்னாலேயே இருக்கிறது. கிளெய்ம் பார்க்கிறவர் அதைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் வாதாட வேண்டிவரும்.

அப்படி வாதாடும்போது இரண்டு சொற்களை விடாதீர்கள். ஒன்று ‘தொழில்முறையாக’. மாதக் கட்டணம் கட்டிப் பழகும் மாணவனோ, சனி ஞாயிறு வருகிற வங்கி ஊழியரோ தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல. சம்பளத்துக்குக் கோச்சாக இருப்பவர், விளையாட்டுக் கோட்டாவில் வேலை பெற்று நிறுவனத்துக்காகச் சுடுகிறவர் ஆகியோருக்குத்தான் இந்த இடத்தில் சிக்கல். அவர்கள் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கியே தீர வேண்டும். இரண்டாவது ‘வேட்டை’. பழைய விபத்துப் பாலிசிகளில் தொழிலை மூன்று ஆபத்து வகுப்பாகப் பிரித்திருப்பார்கள். மூன்றாம் வகுப்பில் சுரங்கத் தொழிலாளி, உயர் அழுத்த மின்வேலை செய்பவர், சர்க்கஸ்காரர், குதிரை ஜாக்கி ஆகியோரோடு பெருவிலங்கு வேட்டையும் இருக்கும். துப்பாக்கி என்றதும் ஏஜென்ட் உங்களை அந்த வகுப்பில் தள்ளிவிடலாம். நாம் செய்வது 10 மீட்டர் தூரத்தில் காகித இலக்கைச் சுடுவது, வேட்டை அல்ல என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பணம் கட்டுமுன் ஒரு மின்னஞ்சல். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஏஜென்டின் வாட்ஸ்அப்புக்கு அல்ல, நிறுவனத்தின் அதிகாரபூர்வ வாடிக்கையாளர் முகவரிக்கு அனுப்ப வேண்டும். சாரம் இவ்வளவுதான்: ‘நான் இந்த ஊர்க் கிளப்பில் பொழுதுபோக்காக 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறேன். வாரத்தில் இத்தனை நாள் போவேன், மாவட்ட, மாநிலப் போட்டிகளிலும் கலந்துகொள்வேன். பயிற்சியிலும் போட்டியிலும் நடக்கும் விபத்துக்கு இந்தப் பாலிசி செல்லுமா? அபாய விளையாட்டு விலக்கு இதற்குப் பொருந்துமா?’ பதில் வர ஒன்றிரண்டு வாரம் ஆனாலும் காத்திருங்கள். செல்லும் என்று வந்த பதிலை அச்செடுத்துப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். செல்லாது என்று வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். இந்த அளவில் பணமாவது மிஞ்சும்.

தம்பியின் கிளெய்மைத் தூக்கி நிறுத்தியது இப்படி ஒரு மின்னஞ்சலுக்கு வந்த பதில்தான். மறுப்புக் கடிதத்துக்கு அதை இணைத்துப் பதில் போட்ட பிறகு ‘அபாய விளையாட்டு’ என்ற பேச்சே எழவில்லை.

இன்னொன்று. விபத்துப் பாலிசி எத்தனை இருந்தாலும் இறப்புக்கும் ஊனத்துக்கும் ஒவ்வொன்றும் தனித்தனியே பணம் தர வேண்டும். ஆஸ்பத்திரி பில் அப்படியல்ல, ஒரே செலவை இரண்டு இடத்தில் வாங்க முடியாது. ஏற்கெனவே மருத்துவக் காப்பீடு இருந்தால், முதல் 30 நாள் காத்திருப்பு விபத்துக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. படிவம், பெயர், முகவரி

வேண்டியவை: ஆதார், பான், வயதுச் சான்று, போட்டோ, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், நாமினியின் ஆதார், பெரிய தொகை என்றால் வருமானச் சான்று. தொழில் என்ற இடத்தில் உண்மையான தொழிலை எழுதுங்கள். பொழுதுபோக்கு, விளையாட்டு என்று கேட்டிருந்தால் ‘இலக்குச் சுடுதல், ஏர் ரைபிள்’ என்று எழுதுங்கள். ‘இதை எழுதினா பிரீமியம் ஏறும் சார், விடுங்க’ என்று ஏஜென்ட் சொன்னாலும் விடாதீர்கள். மறைத்தது என்று நாளைக்கு ஒரு காரணம் அவர்களுக்குக் கிடைக்கக் கூடாது.

எல்லையோரத்தில் பெயர்ப் பிரச்சினை தனி. நாம் இனிஷியலை முன்னால் போடுகிறோம், கேரளத்துப் பள்ளிச் சான்றிதழில் அது பின்னால் போகும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரியும், பாஸ்புக்கில் வேறொரு எழுத்துக் கூட்டு இருக்கும். பாலிசி எடுக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். கிளெய்ம் நேரத்தில் ஒவ்வொரு எழுத்தும் கண்ணில் படும். ஆதாரில் உள்ளபடியே பாலிசியிலும் கிளப் பதிவேட்டிலும் பெயர் இருக்கட்டும். பாஸ்புக் மாறுபட்டால் இப்போதே வங்கியில் திருத்துங்கள். ஆதார் திருத்தத்துக்குக் கேரளப் பக்கம் அக்ஷயா மையம் போதும்.

முகவரி நீங்கள் உண்மையில் குடியிருக்கும் முகவரியாகவே இருக்க வேண்டும். பொள்ளாச்சியில் அத்தை வீட்டு முகவரி கொடுத்தால் தபால் சீக்கிரம் வரும் என்று கொடுக்காதீர்கள். புகார் செய்ய நேர்ந்தால் எந்த ஊர் அலுவலகத்துக்குப் போகலாம் என்பதற்கு முகவரியும் கணக்கில் வரும்.

18 வயது ஆகாத பிள்ளைகளுக்கு 20 ரூபாய் பாலிசி கிடையாது. பெற்றோரின் விபத்துப் பாலிசியில் குடும்பமாகச் சேர்க்க வேண்டும். பிள்ளைக்குத் தொகை பெற்றோருடையதைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலிசி வந்ததும் கூடவே வாடிக்கையாளர் தகவல் தாள் வரும். எது உண்டு, எது இல்லை என்று சுருக்கமாக இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். கேட்க உரிமை உண்டு. பெயர், பிறந்த தேதி, நாமினி, விருப்பக் கவர்கள் எல்லாம் சரியா என்று அன்றைக்கே பாருங்கள்.

5. ரேஞ்சில் கவனிக்க வேண்டியவை

பாதுகாப்பு விதிகளைக் கோச் சொல்லித் தருவார். கிளெய்மோடு தொடர்புள்ளவற்றை மட்டும் சொல்கிறேன்.

வருகைப் பதிவேட்டில் உள்ளே போகும் நேரமும் கையெழுத்தும் ஒவ்வொரு நாளும் விழ வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் ரேஞ்சில் இருந்ததற்கு அதுதான் முதல் சாட்சி.

அழுத்தக் காற்றில் இயங்கும் போட்டித் துப்பாக்கி என்றால் சிலிண்டரில் தேதி பொறித்திருக்கும். 10 ஆண்டுக்கு மேல் ஆன சிலிண்டரைப் பன்னாட்டுப் போட்டி விதியே ஏற்பதில்லை. உள்ளே இருப்பது 200 பார் அழுத்தம். இரண்டாம் கையில் மலிவாக வாங்கும்போது சிலிண்டரின் தேதியைக் கட்டாயம் பாருங்கள். காலாவதியான சிலிண்டர் வெடித்தால் காயமும் பெரிது, கிளெய்மில் கேள்விகளும் பெரிது.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. 0.177 அங்குலக் குழல், அதாவது 4.5 மி.மீ., 20 ஜூலுக்கு மிகாத விசையுள்ள ஏர் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் வேண்டாம். அதற்கு மேல் போனாலும், 0.22 வெடிமருந்துத் துப்பாக்கி என்றாலும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். குற்ற நோக்கத்தோடு சட்டத்தை மீறும்போது நேர்ந்த காயத்துக்குப் பணம் இல்லை என்ற விலக்கு பாலிசிகளில் உண்டு. யாருடைய துப்பாக்கி, யார் பெயரில் உரிமம், எந்த மேற்பார்வையில் சுட்டீர்கள் என்பதற்கெல்லாம் கிளப் பதிவேடு விடை சொல்ல வேண்டும். பில்லையும் உரிம நகலையும் எப்போதும் துப்பாக்கிப் பெட்டியிலேயே வைத்திருங்கள். வாளையாரிலோ கோபாலபுரத்திலோ வண்டியை நிறுத்திக் கேட்டாலும் உதவும்.

விபத்து என்றால் திடீரென்று, எதிர்பாராமல், வெளியிலிருந்து வந்த காரணத்தால் நேர்ந்ததுதான். தெறித்து வந்த குண்டுத் துணுக்கு விபத்து. பல வருடம் காதடைப்பான் போடாமல் சுட்டுக் காது மந்தமானால் அது விபத்து அல்ல. ஈயத் தூசியால் வரும் உடல்நலக் கேடும், நின்று நின்று வரும் முதுகுவலியும் அல்ல. அவற்றுக்கு எந்த விபத்துப் பாலிசியும் உதவாது. கண்ணாடியும் காதடைப்பானும் வாங்கப் பணத்தைப் பார்க்காதீர்கள்.

6. அடிபட்ட அன்றைக்கு

முதலில் சிகிச்சை, அதில் சந்தேகமே வேண்டாம். எந்த மாநில ஆஸ்பத்திரி அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள். ஆனால் கூடப் போகிறவர் ஒருவர் காகிதத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் நான்கு வரிதான் கிளெய்மின் தலையெழுத்து. ‘துப்பாக்கிக் காயம்’ என்று மட்டும் எழுதிவிட்டால் சுடப்பட்டார் என்று பொருளாகிவிடும். ‘கிளப் பயிற்சியில், ஏர் ரைபிளின் லீவர் மூடி விரல் நசுங்கியது’, இந்தத் தேதி, இந்த மணி, இந்த இடம் என்று சொல்லி, அப்படியே எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். பின்னால் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இதே வாசகம் வர வேண்டும். இரண்டுக்கும் இடையில் மணியோ இடமோ மாறினால் கேள்வி வரும்.

துப்பாக்கி சம்பந்தம் என்பதால் ஆஸ்பத்திரி இதைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய வழக்காகப் பதியும். பயப்பட வேண்டாம், அது உங்களுக்கு நல்லது. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் அந்தப் பதிவை ஏஆர் காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) என்பார்கள். கேரளத்தில் ஊண்டு சர்டிபிகேட் (காயச் சான்றிதழ்) என்று கேட்க வேண்டும். நகல் வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

அப்புறம் போலீஸ். யார் மேலும் குற்றம் இல்லாத விபத்துக்கு எஃப்ஐஆர் போடாமல் இருக்கலாம். அப்படியானால் கேரளத்தில் ஸ்டேஷன் ஜிடி என்ட்ரியின் (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதும் பதிவின்) நகல், தமிழ்நாட்டில் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள். விபத்து நடந்த ரேஞ்ச் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கேதான் போக வேண்டும். வேறொருவர் சுட்டுக் காயம் என்றாலோ உயிர் போய்விட்டாலோ எஃப்ஐஆர் கட்டாயம். அப்போது மாநில எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பினால் ஜீரோ எஃப்ஐஆர் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுப் பதிய வேண்டும்.

கிளப்பிடம் அன்றைக்கே சம்பவ அறிக்கை கேளுங்கள். லெட்டர்ஹெட்டில், செயலாளர் அல்லது கோச் கையெழுத்தோடு, பார்த்தவர்கள் இருவரின் பெயரோடு இருக்கட்டும். பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுங்கள். துப்பாக்கியை ரிப்பேர் செய்யவோ கழற்றவோ விடாதீர்கள். நிறுவனம் ஆள் அனுப்பிப் பார்க்கக் கேட்கலாம்.

நிறுவனத்துக்கு அன்று இரவே, முடியாவிட்டால் மறுநாள், மின்னஞ்சலில் தகவல் கொடுங்கள். இலவச எண்ணில் பேசினாலும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 ரூபாய் பாலிசிக்குப் பொருந்தும் காயம் என்றால் வங்கிக் கிளைக்கும் 30 நாளுக்குள் எழுதிக் கொடுங்கள்.

7. கிளெய்ம் கட்டு

நாங்கள் கொடுத்த கட்டில் இருந்தவை: கிளெய்ம் படிவம், பாலிசி நகல், ஆதார், பான், ரத்து செய்த காசோலை, ஏஆர் காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, அசல் பில்களும் மருந்துச் சீட்டுகளும், ஜிடி என்ட்ரி, கிளப் அறிக்கை, பதிவேட்டு நகல், நிறுவனத்தின் பழைய மின்னஞ்சல் பதில், ஊனத்துக்கான மருத்துவச் சான்று. இறப்பு என்றால் இறப்புச் சான்றிதழ், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, எஃப்ஐஆர், பிரேத விசாரணை அறிக்கை, நாமினியின் அடையாளமும் வங்கி விவரமும் சேரும்.

இதில் நேரம் தின்பவை இரண்டு. ஒன்று மொழிபெயர்ப்பு. கேரளப் போலீஸ் காகிதம் மலையாளத்தில் இருக்கும். கோயம்புத்தூர்க் கிளை அதைத் திருப்பி அனுப்பியது. நோட்டரி சான்றோடு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்த்துக் கொடுத்தால் முடிந்தது. சித்தூர், பாலக்காடு கோர்ட் பக்கத்தில் செய்து தருகிறார்கள். பக்கத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆந்திரப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெலுங்குக் காகிதத்தில் இதே கதைதான். கேட்பார்கள் என்று காத்திருக்காமல் முதல் கட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று ஊனச் சான்று. காயம் ஆறி, இனி மாறாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சதவீதம் போட முடியும். நிறுவனம் பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அல்லது மருத்துவக் குழுவின் சான்றைக் கேட்கும். பாலிசிகள் ஊனம் விபத்திலிருந்து 12 மாதத்துக்குள் உண்டாகியிருக்க வேண்டும் என்கின்றன. பிசியோதெரபி முடியட்டும் என்று ஒரு வருடத்தைத் தாண்டவிடாதீர்கள். பணம் வரும்வரை எல்லா அசல்களுக்கும் ஸ்கேன் உங்களிடம் இருக்கட்டும், ஒப்படைத்ததற்குச் சீல் வைத்த ரசீதும் இருக்கட்டும்.

‘இன்னும் ஒரு காகிதம்’ என்று போனில் கேட்டால், மின்னஞ்சலில் கேளுங்கள் என்று சொல்லுங்கள். எழுத்தில் கேட்கச் சொன்னதும் பாதிக் காகிதங்கள் தேவையில்லாமல் போயின.

8. மறுத்தால்

மறுப்பை எழுத்தில், எந்த விதிப்படி என்று எண்ணோடு வாங்குங்கள். அந்த விதியைப் பாலிசியில் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். முதல் பதில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. எங்கள் விஷயம் இந்த இடத்திலேயே முடிந்தது.

முடியாவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலோ ‘பீமா பரோசா’ தளத்திலோ புகார் பதியலாம். நிறுவனத்திடமிருந்து ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் காப்பீட்டு ஒம்புட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரிடம்) போகலாம். மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கத் தேவையில்லை.

கேரளத்துக்குக் கொச்சி, தமிழ்நாட்டுக்குச் சென்னை, ஆந்திரத்துக்கு ஐதராபாத் அலுவலகம். உங்கள் வீடு இருக்கும் இடத்துக்குரிய அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம், பாலிசி தந்த கிளை இருக்கும் இடத்துக்குரிய அலுவலகத்திலும் கொடுக்கலாம். கேரளத்தில் வீடும் கோயம்புத்தூரில் கிளையும் உள்ளவருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. போலீஸ் காகிதம் மலையாளத்தில் இருந்தால் கொச்சி சுலபம். ஆஸ்பத்திரியும் ஏஆர் காப்பியும் தமிழ்நாட்டில் என்றால் சென்னை. ஒரே புகாரை இரண்டு இடத்திலும் போடாதீர்கள். நுகர்வோர் நீதிமன்றத்தில் அதே விஷயம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தாலும் ஒம்புட்ஸ்மன் எடுத்துக்கொள்ள மாட்டார், ஆகவே எது முதலில் என்று முடிவுசெய்துவிட்டு மனுவை எழுதுங்கள்.